கொடி ரோஜா வந்த வழி

படர்வதற்குக் கொழுகொம்பு இன்றிக் காற்றில் அலைந்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்றவன் பறம்பின் கோமான் பாரி. இச்செய்தியை அறியாத தமிழர் இலர். கொடிக்குப் பற்றுக்கோடு வேண்டும் என்னும் எளிய உண்மையை வள்ளன்மையின் எல்லையாக வைத்துப் போற்றியவர் நம் முன்னோர். இவ்வாண்டு விழா மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு கொடியின் வரலாறே. ஆயின் அது முல்லை அன்று. பாரி கண்டிராத ரோஜா.

இப்பொருளை நாம் தேடிச் செல்லவில்லை. அதுவே நம் வேலிக்கு வந்தது. குட்வில் எஸ்டேட் பகுதியில் வாழும் நம் குடும்பங்கள் ஐந்து, சில ஆண்டுகளுக்கு முன் தமிழகத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் கொடி ரோஜா ஒட்டுச் செடிகளை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தன. செடியோடு தந்த அட்டையில் கையகலச் செம்மலர் ஒன்றின் படம் இருந்தது. கோடையில் செடிகள் நன்றாகவே தளிர்த்தன. மழைக்காலம் பிறந்ததும் இலைகளிற் கரும்புள்ளி விழுந்தது, இலை உதிர்ந்தது, தண்டு நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. ஆவணி முடிவதற்குள் ஐந்து செடிகளும் பட்டுவிட்டன என்றே எண்ணினோம்.

பின்னர் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பட்ட செடிகளின் அடியிலிருந்து, ஒட்டுப் போட்ட இடத்திற்குக் கீழே, புதுக்கிளைகள் வெடித்து எழுந்தன. ‘இது நாம் வாங்கிய ரோஜா அன்று, காட்டு ரோஜா’ என்று நான்கு வீடுகளில் அவற்றைப் பிடுங்கி எறிந்தோம். ஐந்தாம் வீட்டுப் பாட்டியார் மட்டும் இசையவில்லை. ‘ஊன்றின வேரை ஏன் அப்பா பிடுங்குகிறீர்கள்? பூக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். அது வேலியைத் தாண்டிற்று. இரண்டாம் ஆண்டில் கூரை விளிம்பைத் தொட்டது. மணம் மிக்க இளஞ்சிவப்பு மலர்களைக் கொத்துக் கொத்தாகத் தந்தது. விலை கொடுத்து வாங்கியது மாண்டது. வேண்டாம் என்று ஒதுக்கியது வாழ்ந்தது. இஃது ஏன் என்னும் வினாவுக்கு விடை தேடியபோது, ரோஜாவின் நெடுவரலாறு நம் முன் விரிந்தது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலில் இல்லை, மலையில் உண்டு

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசையாகக் கூறுகின்றது. அவ்வரிசையில் ரோஜா இல்லை. ரோஜா என்னும் பெயரும் தமிழ் அன்று. மேலை நாட்டு ‘ரோசா’ நம் நாவிற் பயின்ற வடிவமே அது. வடநாட்டார் வழங்கும் ‘குலாப்’ என்பது பாரசீகச் சொல். ‘குல்’ மலர், ‘ஆப்’ நீர். மலர்நீருக்கு இட்ட பெயரே மலருக்கும் ஆயிற்று. நாமும் அவ்வாறே செய்தோம். பனிநீர் பன்னீர் ஆயிற்று. பன்னீர் தரும் மலர் பன்னீர் ரோஜா ஆயிற்று.

இவற்றைக் கொண்டு, ரோஜா முழுதும் அயல்நாட்டுச் செடி என்று முடிவு செய்வோர் பலர். அது பிழை. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காடுகளின் ஓரத்தில், மரங்களின்மேல் ஏறி வெண்மலர் பூக்கும் காட்டுக் கொடி ரோஜா ஒன்று இயல்பாகவே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் செடிகள் சேகரித்த லெசெனோ என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரால் தாவர நூலார் அதனை ‘ரோசா லெசெனால்டியானா’ என்பர். எனவே, கொடி ரோஜா தமிழ் நிலத்திற்குப் புதியது அன்று. நம் நூல்கள் அதனைப் பாடவில்லை என்பதே உண்மை.

கல்கத்தாத் துறையில் தங்கிய மலர்

பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறையே பூப்பவை. வேனில் வந்தால் மலரும். மலர்ந்து ஓய்ந்தால் அடுத்த வேனில் வரை வெறுஞ் செடியே. ஆண்டு முழுதும் மீண்டும் மீண்டும் பூக்கும் பண்பு சீன நாட்டுத் தோட்டங்களிலிருந்தே வந்தது. சீனத்து ரோஜாக்களுள் நான்கு, இன்றைய ரோஜாக் குலத்திற்கு மூதாதையர் என்று போற்றப்படுகின்றன. அவை 1792, 1793, 1809, 1824 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் அறிமுகமாயின. அவற்றுள் பின் வந்த இரண்டும் தேயிலையின் நறுமணம் உடையவை என்று கருதப்பட்டமையால் ‘தேயிலை ரோஜா’ என்னும் பெயர் தோன்றிற்று.

சீனத்திலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்கு நெடும்பயணத்தில் தங்குமிடம் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1787-ஆம் ஆண்டு ஹூக்ளி ஆற்றங்கரையில் நிறுவிய கல்கத்தாத் தாவரத் தோட்டம் அதற்குப் பயன்பட்டது. 1793 முதல் அதன் தலைவராக விளங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன் சென்னை மாகாணத்துச் சாமல்கோட்டையிற் செடி வளர்த்துப் பழகியவர். சீனத்து ரோஜாக்கள் வங்கத்தைக் கடந்து சென்றமையால், பிரெஞ்சு மக்கள் அவற்றை ‘வங்காள ரோஜா’ என்றே அழைத்தனர். தாவர நூலாரும் ‘ரோசா இண்டிகா’ எனப் பெயரிட்டு, சீனத்துச் செல்வத்தை இந்தியாவின் கணக்கில் எழுதினர்.

நம் தீவுகளின் வரலாற்றை அறிந்தோர் இவ்விடத்தில் ஓர் ஒற்றுமையைக் காண்பர். கல்கத்தாத் தோட்டம் தோன்றி இரண்டே ஆண்டுகளில், 1789-இல், அதே கம்பெனியாரின் ஏவலால் ஆர்ச்சிபால்டு பிளேயர் இங்கே சாத்தம் தீவில் முதற் குடியிருப்பை அமைத்தார். அக்குடியிருப்பு இடம் மாறி, நோயால் நலிந்து, 1796-இற் கைவிடப்பட்டது. 1858-இல் கைதிகளைக் கொண்டு மீண்டும் தொடங்கப்பட்ட ஊரே போர்ட் பிளேயர். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ளது. செடியாயினும் மக்களாயினும், புது மண்ணில் முதல் நடவு பொய்த்துப் போவது புதிது அன்று.

தீவிற் பிறந்த கலப்பு

இனி, பாட்டியார் காத்த செடியின் வரலாற்றுக்கு வருவோம். அச்செடியின் இலையும் மலரும் மணமும் கண்ட தோட்டக்கலை அறிந்த நண்பர் ஒருவர், அஃது எட்வர்டு ரோஜா என்றார். தமிழகத்தில் மாலைக்கும் பன்னீருக்கும் பயன்படும் இளஞ்சிவப்பு மலர் இதுவே. பல சந்தைகளில் பன்னீர் ரோஜா என்னும் பெயரில் விற்பதும் இதுவே. நம் நாட்டில் ஒட்டுக் கட்டுவோர், வேர் வலிமை கருதி இதனை அடிச்செடியாகப் பயன்படுத்துவர். அதன் தண்டிற் கீறல் இட்டு, விலையுயர்ந்த ரோஜாவின் மொட்டினைப் பொருத்திக் கட்டுவர். மேலே மலர்வது பிறிது. கீழே சுமப்பது இது. மேற்செடி மாண்டால் அடிச்செடி தன் உருவில் எழும். நம் வேலியில் நிகழ்ந்தது இதுவே.

இந்த எட்வர்டு எங்கே பிறந்தது? இந்துமாக் கடலில், ஒரு தீவில். இன்று ரேயூனியன் எனப்படும் பூர்போன் தீவில், குடியேறிய பிரெஞ்சு மக்கள் தம் நிலங்களைச் சுற்றி ரோஜாச் செடிகளையே வேலியாக நட்டனர். அவ்வேலியிற் சீன ரோஜாவும் இருந்தது. மேலை நாட்டு டமாஸ்க் ரோஜாவும் இருந்தது. 1817-இல் அங்கு வந்த தாவர அறிஞர் பிரேயோன் இரண்டுக்கும் இடைப்பட்ட புதுச்செடி ஒன்றைக் கண்டார். அதன் விதைகள் பாரிசுக்குச் சென்று, பூர்போன் ரோஜா என்னும் ஒரு குலமே உருவாயிற்று. தீவு மக்கள் வழங்கிய ‘எதுவார்’ என்னும் பெயர் நம் நாட்டில் எட்வர்டு ஆயிற்று.

டமாஸ்க்கின் மணமும் சீனத்தின் ஓயாத பூப்பும் ஒன்றிய செடி அது. வேலியோரத்தில் எவரும் திட்டமிடாமல் நிகழ்ந்த கலப்பு. வெயிலும் மழையும் புயலும் மாறி மாறி வீசும் தீவில் தானே தேறி நின்ற கலப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றதும் அதே தீவுக்குத்தான். அவர்கள் அங்குச் சென்றனர்; அத்தீவின் ரோஜா நம் நாட்டுக்கு வந்தது. இத்தகைய பிறப்புடைய செடி நம் அந்தமான் மழைக்கு அஞ்சாததில் வியப்பு என்ன?

மணிப்பூர் மலையின் பெருங்கொடி

ஆயினும், வானளாவும் கொடி ரோஜாவின் தாயகம் அத்தீவும் அன்று. அது நமக்கு வடக்கே, வங்கக் கடலின் தலைமாட்டில், மணிப்பூரிலும் பர்மாவிலும் உள்ள மழைமலைகளில் இருக்கின்றது.

1882-ஆம் ஆண்டு மணிப்பூர் எல்லையை வரையறுக்கச் சென்ற குழுவினரோடு ஜார்ஜ் வாட் என்னும் அறிஞரும் சென்றார். இந்தியாவின் விளைபொருள்கள் பற்றிப் பின்னாளிற் பல தொகுதிகள் கொண்ட அகராதியைத் தொகுத்தவர் இவரே. உக்ருல் பக்கத்துச் சிரோய் மலையில், காட்டு மரங்களின் உச்சி வரை ஏறி, உள்ளங்கையினும் அகன்ற வெண்மலர்களைத் தாங்கிய ரோஜாவை அவர் கண்டார். 1888-இல் பர்மாவின் ஷான் மலைகளில் ஹென்றி காலெட் என்னும் படைத்தலைவர் அதே செடியைக் கண்டார். அவ்வாண்டே பெல்ஜிய நாட்டு அறிஞர் கிரெப்பேன் அதற்கு ‘ரோசா ஜைஜாண்டியா’, அதாவது பேருருவ ரோஜா, எனப் பெயரிட்டார். அறுபது அடி உயரமும் ஏறவல்ல அதன் அடித்தண்டு மரம் போலத் தடிக்கும். மலர் ஐந்து அங்குல அகலம் விரியும். மொட்டு நிலையில் மஞ்சள் சாயல் காட்டி, விரிந்தபின் வெண்மை கொள்ளும்.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. முன்னர் நாம் கூறிய தேயிலை ரோஜாக்கள், சீன ரோஜாவும் இப்பேருருவ ரோஜாவும் கலந்த கலப்பிலிருந்து தோன்றியவை என்பது அறிஞர் முடிபு. அத்தேயிலை ரோஜாவின் குருதி ஓடாத ரோஜாவை இன்று கடைகளிற் காண்பது அரிது. எனவே, ‘குளிர்நாட்டு மலர்’ என்று நாம் பெயரிட்டு ஒதுக்கும் செடியின் பாட்டிகளுள் ஒருத்தி, நம் அண்டை மலையில் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றாள்.

அவள் பெருமையை முதலில் உணர்ந்தோர் அயலாரே. லிஸ்பன் நகரத் தாவரத் தோட்டத்தில் ஆன்ரி கேயூ என்பவர் இச்செடியைக் கலந்து, 1903-இல் ‘பெல் போர்த்துகேஸ்’ என்னும் கொடி ரோஜாவைப் படைத்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அலிஸ்டர் கிளார்க், வெப்பம் தாங்கும் ரோஜா வேண்டும் எனக் கருதி இதன் வழியில் உழைத்தார். 1924-இல் அவர் வெளியிட்ட ‘லொரெய்ன் லீ’, 1937-இல் வெளியிட்ட ‘நான்சி ஹேவர்டு’ ஆகியவை அந்நாட்டு வேலிகளை நிறைத்தன. நம் நாட்டிலோ, துரைமார் மாளிகைகளில் 1864-இற் பிரான்சில் தோன்றிய ‘மாரெஷால் நீல்’ என்னும் மஞ்சட் கொடி ரோஜா போற்றப்பட்டது. மணிப்பூர்க் கொடி மலையிலேயே நின்றது.

கொடைக்கானலில் ஒரு தவம்

அக்குறையை நீக்கப் புகுந்தவர்கள் தமிழ்நாட்டு மலையில் வாழ்ந்த ஒரு தம்பதியர். ஆந்திர மாநிலத்தில் ஆட்சிப் பணி அலுவலராக இருந்த எம். எஸ். வீரராகவன், 1980-இல் விரும்பி ஓய்வு பெற்று, ரோஜாக் கலப்பையே வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். துணைவியார் கிரிஜா வீரராகவனும் அதில் இணையானார். வெப்ப நாட்டு வீட்டுத் தோட்டங்களில், மருந்தும் மாளிகைச் செல்வமும் இன்றி வாழும் ரோஜா வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். குளிர்நாட்டார் வளர்த்தெடுத்த ரோஜாக்களை வெயிலிலும் மழையிலும் நட்டு வருந்துவதைக் காட்டிலும், இந்நிலத்துக் காட்டு ரோஜாக்களையே தாயாகக் கொண்டு புதுக்குலம் காண்பது நன்று என அவர்கள் துணிந்தனர்.

மணிப்பூர் மலைக்கே சென்று பேருருவ ரோஜாவைக் கொணர்ந்து, கொடைக்கானலில் வளர்த்துக் கலந்தனர். அவ்வழிப் பிறந்தவற்றுள் ‘கோல்டன் திரெஷோல்டு’ என்பது சரோஜினி நாயுடுவின் ஐதராபாத்து இல்லத்தின் பெயர் தாங்கியது. வேறொன்று, அக்கொடியை முதலிற் கண்ட ஜார்ஜ் வாட் பெயரைத் தாங்கியது. மற்றுமொரு மஞ்சள் ரோஜாவுக்கு ஜானகி அம்மாள் பெயரை இட்டனர். தலைச்சேரியில் 1897-இற் பிறந்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் உழைத்து, பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெருநூலை 1945-இல் டார்லிங்டனோடு இணைந்து வெளியிட்ட அறிவரசி அவர். கலப்பின் நுட்பத்தை ஆராய்ந்தவர் பெயர் ஒரு கலப்பு மலருக்கு வாய்த்தது பொருத்தமே.

வீரராகவன் தம்பதியர் கையாண்ட மற்றொரு செடி நம் தீவுகளுக்கு இன்னும் நெருக்கமானது. ‘ரோசா கிளைனோபில்லா’ எனப்படும் அது, ஆபு மலையிலும் வங்கத்துத் தாழ்நிலச் சதுப்புகளிலும் வளர்வது. மழைக்காலத்தில் நீர் சூழ்ந்து நின்றாலும் சாகாது, வெப்பத்துக்கும் அஞ்சாது. ரோஜாவுக்கு நீர் தேங்கினால் இறுதி என்று நாம் கற்றதைப் பொய்யாக்கும் ரோஜா அது. மணிப்பூர்க் கொடி மலைக்குரியது. அது நம் கடற்கரை வெப்பத்தில் அப்படியே பூத்துக் குலுங்கும் என்று நாம் கூறவில்லை. ஆயின் இத்தாய்களின் வலிமையைப் பெற்ற கலப்புகளே நம் போன்றோர் தேட வேண்டியவை. அட்டையில் உள்ள படத்தைக் கண்டு வாங்கினோம்; செடியின் பிறந்தகத்தை வினவினோம் அல்லோம். நாம் செய்த பிழை அது.

நம் வேலியில் வளர்க்கும் முறை

வரலாறு கற்பித்ததை நடைமுறையிற் கொள்ளாவிடில் பயன் இல்லை. ஆதலின் சில குறிப்புகளைச் சுருங்கக் கூறுவோம்.

முல்லை கொம்பைச் சுற்றிப் படரும். அவரைக்குப் பந்தலும் பாகலுக்குப் பற்றுக்கம்பியும் உண்டு. ரோஜாவோ சுற்றவும் அறியாது, பற்றவும் அறியாது. காட்டில் அது தன் வளைந்த முட்களை மரக்கிளையில் மாட்டிக்கொண்டு ஏறுகின்றது. ஆதலின் வீட்டில் நாமே அதனைக் கட்டி ஏற்றுதல் வேண்டும். மூங்கில் தட்டியோ பாக்குமரச் சிராயோ போதும். தென்னங்கயிற்றால் தளர்வாகக் கட்டுக; இறுகக் கட்டினால் தடிக்கும் தண்டு அறுபடும்.

கிளையை நேரே வானோக்கி விட்டால் உச்சியில் மட்டும் பூக்கும். அம்மலர் அண்டை வீட்டார்க்கே காட்சி. நுனி மொட்டு கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைப்பதே காரணம். கிளையைப் பக்கவாட்டில் வளைத்துக் கிடையாகக் கட்டினால் அவ்வடக்குமுறை நீங்கி, கணுவுக்கு ஒரு தளிர் எழுந்து, ஒவ்வொன்றும் பூக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் கவாத்துச் செய்தல் வேண்டா. பட்ட குச்சிகளை மட்டும் நீக்குக. பின்னர், மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் தை மாதமே நமக்குக் கவாத்துக் காலம். ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் இனமாயின், பூத்து முடிந்த பின்பே வெட்டுக. முன்னர் வெட்டினால் அவ்வாண்டு மலர் இல்லை.

நம் தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லி மீட்டர் மழை பெய்கின்றது. கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைப்பதற்கு இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் ஈரமாய் இருந்தாற் போதும். மழையை நாம் தடுக்க இயலாது. இலையை விரைந்து உலர்த்த இயலும். காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடி விலக்கி, காற்றோட்டம் உள்ள இடத்தில் நடுக. மண்ணை ஓர் அடி உயர்த்தி மேடாக்கி, தொழு உரமும் நன்கு மட்கிய தென்னை நார்க்கழிவும் கலந்து நடுக. நீரை வேருக்கு ஊற்றுக. இலைமேல் தெளித்தல் கூடாது. உதிர்ந்த புள்ளி இலைகளைப் பெருக்கி அப்புறப்படுத்துக.

எல்லாவற்றினும் மேலாக, ஒட்டுச் செடியினும் தன் வேரில் நிற்கும் செடியே நமக்கு ஏற்றது. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சியை முக்கால் அடி நீளத்தில் வெட்டி, நிழலிற் பாதி புதைத்து வைத்தால், எட்டு வாரத்துள் எட்வர்டு ரோஜா வேர் பிடித்துவிடும். தன் வேரில் நிற்கும் செடி, புயலில் முறிந்தாலும் மீண்டும் தானாகவே எழும், வேறொன்றாக எழாது.

முடிவுரை

சீனத்தில் ஒரு தாய். டமாஸ்க் குலத்தில் ஒரு தந்தை. இந்துமாக் கடல் தீவில் பிறப்பு. தமிழகத்தில் பிறர் மலரைச் சுமக்கும் அடிமைப் பணி. அந்தமானிற் கூரை ஏறிய வாழ்வு. நம் வேலியில் நிற்கும் செடியின் வரலாறு இது. அதனைக் ‘காட்டு ரோஜா’ என்று நாம் நால்வரும் பிடுங்கி எறிந்தோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றோம். பல ஊர்களிலிருந்து வெவ்வேறு காலத்திற் கப்பலேறி வந்து, இங்கே வேரூன்றி, பல மொழியினரோடு ஒரே தெருவில் வாழும் நாம் அப்பிழையைச் செய்திருக்கலாகாது. நம் குடியிருப்பின் பெயருக்கும் நல்லெண்ணம் என்பதன்றோ பொருள்?

பாட்டியார் இன்று நம்மோடு இல்லை. அவர் காத்த கொடி இருக்கின்றது. இவ்வாண்டு தைக் கவாத்தில் வெட்டிய குச்சிகளை மண் நிரப்பிய பைகளில் நட்டு வைத்தோம். வேர் பிடித்தவற்றை ஆண்டு விழா நாளன்று மண்டப வாயிலில் வைப்போம். வேண்டுவோர் ஒன்றை எடுத்துச் செல்க. அதற்குத் தேர் வேண்டா. ஒரு மூங்கிலும் ஒரு சாண் கயிறும் போதும்.

வளர்க கொடி! வாழ்க தமிழ்!